படையல் போடாத தீபாவளி

என் அன்பான அத்தைக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுதும் தேவையே வந்ததில்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது அதற்கு வழியில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு இந்த வீட்டில் உங்களுக்குப் படையல் போடவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஆடியில் நீங்கள் போனீர்கள். புரட்டாசி பிறந்ததும் எனக்குப் பெண் பிறந்தாள். ஆபரேஷன்தான். பார்க்க வருகிற எல்லாரும் நீங்களே வந்து பிறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வேறு ஒருத்தி. மூக்கு மட்டும் உங்கள் பிள்ளையுடையது.

தொண்டூரில் என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவால் அவரையும் பார்த்து என்னையும் பார்க்க முடியவில்லை. பிரசவத்துக்கு அங்கே போன நான் இருபதாம் நாளே செஞ்சிக்கு, நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். "கொழந்தய தூக்கினு இங்க வந்துடு, நான் இருக்கேன்ல" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வேண்டுமென்றா போனீர்கள்? ஆனாலும் சில நாள் உங்கள் மேல் கோபம் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

குழந்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை. நானும் தூங்கவில்லை, உங்கள் பிள்ளையும் தூங்கவில்லை. ஐப்பசி மழையில் துணி காயவில்லை. தீபாவளிக் கூட்டமும் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டமும் ஒன்றாக வந்ததால் பஸ் டிரைவர் யாருக்கும் லீவு கிடையாது. உங்கள் பிள்ளை ஒரு டியூட்டி முடித்து வந்து, குளித்து, அடுத்த டியூட்டிக்குப் போனார். இடையில் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோட்டை பார்க்க வந்த உறவுக்காரர்கள், அப்படியே குழந்தையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. நான் எழுந்து காப்பி போட்டேன். தையல் போட்ட இடம் இழுத்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் முடியாது என்று சொல்லவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் நாலு மணிக்கே அவர் வந்துவிட்டார். டியூட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார். பின்பக்கம் போய்க் குழந்தைத் துணிகளைத் துவைக்க உட்கார்ந்தார். துவைத்ததையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் பஸ்ஸின் கண்டக்டர் இஸ்மாயில் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"யம்மா, குமாரு எதனா சொன்னானா?"

"இன்னாண்ணா?"

"அப்ப சொல்லல. நான் சொல்றேன், அவன் மேல கோவப்படாத. மலையனூர்லேர்ந்து வரசொல்ல ஸ்டேரிங்குல கண்ணசந்துட்டான். ஒரு செகண்டுதான். வண்டி ரோட்ட வுட்டு எறங்கிடுச்சு. நான் கத்துன கத்துல பிரேக் புடிச்சான். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் அவனே எறங்கிட்டான். 'இனிமே நான் ஓட்டனா தப்பாயிடும்ணே'ன்னு சொல்லிட்டு ரோட்டோரம் ஒக்காந்துட்டான். வேற டிரைவர் வர்ற வரைக்கும் ஜனங்க திட்டுச்சு. திட்டட்டும். டிப்போல பேசி மூணு நாளு லீவு வாங்கிட்டேன். அவன தூங்க வையிம்மா."

அந்த பஸ்ஸில் தீபாவளித் துணி எடுக்கச் செஞ்சிக்கு வந்த குடும்பங்கள் இருந்திருக்கின்றன. நிற்க இடமில்லாத கூட்டம்.

நான் பின்பக்கம் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

"எத்தினி பேரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"எண்ணல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே இப்டி இருக்க. உங்கிட்ட எப்டி சொல்றது?"

அப்போதுதான் நானும் சொன்னேன். அதற்கு முந்தின நாள் காலையில் பால் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது குழந்தை மடியில் இல்லை. பாயில் சரிந்து, சுவர் ஓரத்தில் முகம் அழுந்திக் கிடந்தாள். தூக்கியதும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் ஈரக் கையோடு எழுந்து வந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அத்தை.

தீபாவளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார்த்தோம். நீங்கள் தவறிய வருஷம் என்பதால் கேதாரகௌரி நோன்பு கிடையாது, அதிரசமும் கிடையாது. ஆனால் உங்கள் படத்துக்குப் புதுப்புடவை வைத்து, இலை போட்டு, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து உங்கள் மகள் குடும்பத்தோடு வருவார். அவர் பிள்ளைகள் ராஜகிரிக் கோட்டை ஏற வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாள் லீவும் அதிலேயே போய்விடும்.

"படையல் வேணான்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு மொத தீபாவளி" என்றார். குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டு, "நான் அக்காகிட்ட பேச மாட்டேன். நீ பேசறியா?" என்றார்.

நான்தான் போனில் பேசினேன்.

"அண்ணி, இந்த வருசம் படையல் போடல."

"இன்னாது?"

"எங்களால முடியல அண்ணி. ரெண்டு பேரும் தூங்கணும்."

"எங்கம்மாவுக்கு ஒரு வாய் சோறு வெக்க அந்த வீட்டுல ஆளு இல்லியா? ஊருல எவளும் புள்ள பெக்கலியா?"

பஸ் விஷயத்தைச் சொன்னேன். குழந்தை சரிந்து கிடந்ததையும் சொன்னேன். அண்ணி சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"தேவகி, குமாரு கைக்கொழந்தையா இருந்தப்போ எனக்கு ஏழு வயசு. அம்மா நோன்புக்கு அதிரசம் சுட்டுட்டு இருந்துச்சு. ஒக்காந்த மேனிக்கே தூங்கிடுச்சு. கை போயி எண்ணச் சட்டில பட்டுடுச்சு. நைனா கேட்டா எண்ண தெறிச்சுதுன்னு சொல்லுன்னு என்னாண்ட சொல்லுச்சு. நானும் அப்டியேதான் சொன்னேன். இத்தினி வருசமா அப்டியேதான் சொல்லிக்கினு இருக்கேன்."

உங்கள் இடது கைத் தழும்பை நானும் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தெறித்தது என்றுதான் என்னிடமும் சொன்னீர்கள். நாலு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றோம். ஏன் சொல்லவில்லை, அத்தை? சொன்னால் சிரிப்பார்கள் என்றா? அன்றைக்கு வெந்த கையோடு மீதி மாவையும் சுட்டு முடித்தீர்களா? அண்ணிக்கு அது ஞாபகமில்லை. இனி யாரைக் கேட்பது?

தீபாவளியன்று காலை அண்ணி தனியாக பஸ் ஏறி வந்தார். கையில் டிபன் கேரியர். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்திருந்தார். வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க. பசிச்சு அழுதா மட்டும் தூக்கியாறேன்."

தெருவெல்லாம் பட்டாசு. நாங்கள் தூங்கினோம். நடுவில் ஒருமுறை பால் கொடுத்தது கனவு போல இருக்கிறது. அரைத்தூக்கத்தில் வாசலில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"பலகாரம் எடுத்தாந்தேன். எங்க தேவகி?"

"தூங்குது. நாளைக்கு வா."

"இன்னாக்கா, நல்ல நாளு அதுவுமா, பட்டப்பகல்லயா?"

"ஆமா, பட்டப்பகல்லதான்" என்றார் அண்ணி.

நான் எழுந்தபோது மணி நாலு. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் பயந்து வெளியே ஓடினேன். குழந்தை அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கும் ஒரு டம்ளர் காப்பியும் இருந்தன. இலை இல்லை, புடவை இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அண்ணி.

"இன்னா சொன்னீங்க?"

"அது எனக்கும் எங்கம்மாவுக்கும் நடுவுல."

பாசமோ நன்றியோ எதுவும் எனக்கு உடனே தோன்றவில்லை. பசிதான் தோன்றியது. கேரியரைத் திறந்து நின்றபடியே சாப்பிட்டேன். உங்கள் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்து வந்து, "இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டார். அண்ணி சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. குழந்தை அதே ஒன்றரை மணிக் கணக்கில்தான் எழுகிறாள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை டபுள் டியூட்டி பார்க்க மாட்டேன் என்று அவர் டிப்போவில் சொல்லிவிட்டார். டியூட்டிக்கு முந்தின நாள் அவர் தனி அறையில் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வருகிறார், நான் மத்தியானம் முழுக்கத் தூங்குகிறேன். பார்க்க வருகிறவர்களிடம் அடுப்படியைக் காட்டி, காப்பி போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். ஒருத்தர் கோபித்துக்கொண்டார். மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார், டாக்டரிடம் அழைத்துப் போனார்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், அத்தை. என்றைக்காவது இந்த வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்பாள். மகளோ, மருமகளோ, யாரோ. அவள் வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்லும்வரை நான் காத்திருக்க மாட்டேன். முதலில் குழந்தையை வாங்கிக்கொள்வேன். மற்றதை அவள் தூங்கி எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது தனியாக நிற்கும்,
உங்கள் மருமகள்
தேவகி