கலெக்டர் ஆபீஸ்காரருக்கு ஒன்பது மனு

என்னங்க,

செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். களியும் கீரைக் கடைசலும் ஹாட் பாக்ஸில் இருக்கின்றன. சாவி கீழ்வீட்டு மாதேஸ்வரி அக்காவிடம்.

நேற்று பைக் லோன் வசூலுக்கு ஒருவர் உங்களைத் தேடி வந்தார். "கலெக்‌ஷன் ஆபீஸ்ல இருந்து வர்றேங்க" என்றார். அக்கா காதில் எப்படி விழுந்ததோ, "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க!" என்று தெருவையே கூட்டிவிட்டார். அடுத்தவர் கடனை அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது என்பது விதியாம். பாவம் அந்த மனுஷன், தான் யாரென்று சொல்ல முடியாமல், சாக்கடை, தெருவிளக்கு, பென்ஷன் என்று ஒன்பது மனுக்களை வாங்கி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இன்று மறுபடி வருவார். அடையாள அட்டையும் பேங்க் கடிதமும் கேளுங்கள். ஏழு மணிக்கு மேல் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மிரட்டினால் பேங்கில் புகார் கொடுக்கலாம். ஆனால் மிரட்ட அவருக்கு நேரம் இருக்காது. தெருவிளக்கு என்னாச்சு என்று கேட்க அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பைலில் நம் பைக் போட்டோவைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. நான் சண்டை போடப் போவதில்லை.

பி.கு: பத்தாவதாக நானும் ஒரு மனு எழுதினேன். "தன் அண்ணன் கொடுத்த பைக் என்று சொல்லி, என் வீட்டுக்காரர் லோனை மறைத்தார். தக்க நடவடிக்கை எடுக்கவும்." ஒன்பதையும் வாங்கியவர் இதை மட்டும், "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த மனுவை உங்கள் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். களி ஆறுவதற்குள் பதில் எழுதுங்கள்.

பொற்கொடி