எண்ணெய்க்கு வராத அமெரிசியம்

மார்ச் 3, செவ்வாய்

பொடி ஒருவழியாக உலர்ந்துவிட்டது. வெளிர்மஞ்சள். குப்பியின் அடியில் கொஞ்சூண்டு. இதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் கண்ணாடிக் குடுவைகளோடு மல்லுக்கட்டினேன்.

அணு உலைக் கழிவில் அமெரிசியம், யூரோப்பியம் என்று இரண்டு உலோகங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே மின்சுமை. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். இந்தப் பொடியிலுள்ள என் மூலக்கூறு, சேர்த்துக் குலுக்கினால், அமெரிசியத்தை மட்டும் அமிலநீரிலிருந்து மேலே மிதக்கும் எண்ணெய்க்குக் கூட்டி வர வேண்டும். வருமா?

சோதித்துச் சொல்ல வேண்டியவள் கதிரியக்கப் பிரிவில் இருக்கும் என் நாத்தனார். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். அவளுக்கு நான் வேலையில் "டாக்டர்", வீட்டில் "அண்ணி".

மார்ச் 4

குப்பியைக் கொடுத்து, "பத்திரம்" என்றேன்.

"கதிரியக்கத்தையே பத்திரமா வச்சிருக்கேன், உங்க பொடியைத் தொலைச்சிடுவேனா?"

வாய்! வாய்!

மார்ச் 6, வெள்ளி

நடைவழியில் மடக்கினாள். "அமெரிசியம் எண்ணெய்க்கு வரவே இல்ல டாக்டர்." ஏதோ பஸ் வரவில்லை என்பதுபோல.

மேற்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான், "சரியா குலுக்கினியா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சிவந்துபோயிற்று.

"குலுக்கத் தெரியாமத்தான் இத்தனை வருஷமா இங்க இருக்கேனா?"

அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

எந்த ஆய்வை மூடுவது என்று அடுத்த வெள்ளி ஆய்வுக்கூடத் தலைவர் முடிவெடுக்கிறார். நான் எதைக் காட்டுவது? என் மூஞ்சியையா?

மார்ச் 8

பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 10

சாப்பாட்டு மேஜை. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், நடுவில் என் வீட்டுக்காரர். பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைத்துவிட்டு வந்த மனுஷனுக்கு வீட்டில் இரண்டு மூடிய வாய்கள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மிச்சப் பொடியை நாளைக்கு வாங்கிக்கிறேன்னு."

"அண்ணா, யூரோப்பியம் என்ன ஆச்சுன்னு கேக்கவே மாட்டாங்களான்னு கேளு. அது மேல ஏறிடுச்சுன்னு சொல்லு."

அவர் சிரத்தையாக என் பக்கம் திரும்பினார். "ஐரோப்பா மேல ஏறிடுச்சாம்."

தூக்கிவாரிப் போட்டது. "எது ஏறுச்சு?" என்று அவரைத் தாண்டி அவளையே கேட்டேன்.

"யூரோப்பியம். கிட்டத்தட்ட மொத்தமும். அமெரிசியம் கீழ அமிலத்துலயே உக்காந்திருக்கு. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க?"

அடிப்பாவி! தப்பான ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என் மூலக்கூறு. வரட்டுமே! பிரித்துவிட்டதே! எது மேலே போனால் என்ன, எது கீழே நின்றால் என்ன?

"அப்படிக் கேட்டது என் தப்புதான்" என்றேன்.

"மூணு தரம் குலுக்கினேன் அண்ணி." குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

"அப்ப நான் சாப்பிடலாமா?" என்றார் அவர்.

மார்ச் 13, வெள்ளி

"நீங்க சொன்னதுக்கு நேர் எதிரால்ல நடந்திருக்கு?" என்றார் தலைவர்.

நாத்தனார் எழுந்தாள். "எதிராத்தான் சார் நடக்குது. ஆனா ஒவ்வொரு தரமும் அப்படியேதான் நடக்குது. ஏன்னு கண்டுபிடிக்க அண்ணிக்கு—" நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டாக்டருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. தலைவரும் சிரித்துவிட்டார். கொடுத்துவிட்டார்!

ஜூன் 22

யூரோப்பியத்தின் மேல் என் மூலக்கூறுக்கு அப்படி என்னதான் ஆசை? ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர்தான் காரணம் என்கிறாள் அவள். இல்லவே இல்லை என்கிறேன் நான். சாப்பிடும்போது விரலை டம்ளரில் தொட்டு மேஜையில் படம் போட்டாள். நான் அதை அழித்து வேறு போட்டேன். அவள் அதன்மேல் இன்னொன்று.

வீட்டுக்காரர் உப்பு கேட்டார் போலிருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை. அவரே எழுந்து போய் எடுத்து வந்தார். மேஜையெல்லாம் எங்கள் படங்கள். எங்கே வைப்பதென்று தெரியாமல் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.