ஆகஸ்டுக்குத் தள்ளிய பத்திரம்

ஏற்காடு,
2.6.1991

ஆயிஷாவின் அத்தாவுக்கு ரஹமத் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். ஜித்தாவில் ரேடியோவைக் கேட்டுவிட்டு நீங்கள் பதறி போன் போட்டதாகப் பக்கத்து டீக்கடைக் காமாட்சியக்கா சொன்னார். பதறாதீர்கள். எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் சீசன் போய்விட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தலைவரைக் கொன்றுவிட்டார்கள் என்று சேதி வந்ததும் பஜார் முழுக்கக் கதவு சாத்தியது. ஆறு நாள் கடை திறக்கவில்லை. சேலத்திலிருந்து பஸ் ஏறவில்லை. ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்ற கூட்டமெல்லாம் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டது. பலாப்பழம் பதினெட்டு அழுகி, ஆள் வைத்துத் தூக்கிப் போட்டேன். காப்பித்தூளும் மிளகும் அப்படியே இருக்கின்றன. தேர்தலையும் ஜூன் பதினைந்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை எவன் மலைக்கு வரப்போகிறான்?

நீங்கள் அனுப்பிய டிராஃப்ட் கணக்கில் ஏறிவிட்டது. இருபதாயிரம் ரியால், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். ரூபாய் மதிப்பு இறங்கும் என்று கூட வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள், இரண்டு மாதம் அங்கேயே இருக்கட்டுமே என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் ஒற்றைக் காலில் நின்று அனுப்பச் சொன்னேன். சேலத்து ரஹமத்துல்லா அண்ணன் போன வருஷம் குவைத்திலிருந்து வந்து இறங்கியதை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பதினோரு வருஷச் சம்பாத்தியத்தை அந்த ஊர் பேங்கில் விட்டுவிட்டு ஒரு கைலியோடு வந்தார். நம் பணம் நம் நாட்டில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கடை விஷயம். நேற்று வாடகை வாங்கக் காளியண்ணன் வந்திருந்தார். கட்டடத்துக்குப் பேசிய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம்தான், தை மாதம் கொடுத்த பத்தாயிரம் அட்வான்ஸ் போக மீதியைக் கொடுத்தால் அடுத்த வாரமே பத்திரம் எழுதிவிடலாம் என்கிறார். சேலத்தில் அவர் மகன் சேகர் தறிக்கு வாங்கிய கடனைக் கட்டச் சொல்லி பேங்க்காரர்கள் நெருக்குகிறார்களாம். ஏனுங்க அம்மிணி, எலெக்சனு முடிஞ்சு எவன் வருவானோ, எது என்ன வெலை விக்குமோ, ஒண்ணும் தெரியலீங்க, இப்பவே முடிச்சுப் போடலாமுங்க, அவரு வாரதுக்கு நாளாகும்னா உங்க பேர்லயே எழுதிக்கங்க என்றார்.

நீங்களும் என் பேரில் எழுதச் சொல்லித்தான் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணன் பக்கீர் முகமதுவும் கடைக்கு வந்து, ஆம்பள சம்பாத்தியத்தப் பொம்பள பேர்ல எழுதுனா ஜமாஅத்துல நாலு பேரு சிரிப்பாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதற்காக இல்லை. ஏழு வருஷம் அந்த வெயிலில் லாரி ஓட்டியது நீங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து வருகிறீர்கள். நீங்களே பதிவு ஆபீசுக்குப் போய் உங்கள் கையால் கையெழுத்துப் போடுங்கள், நான் வாசலில் நின்று பார்க்கிறேன். காளியண்ணன் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம், செரிங்க, முப்பது வருசப் பழக்கம், வாயில சொன்னா சொன்னதுதானுங்க என்று எழுந்து போனார்.

ஆயிஷாவுக்கு ஆறு வயசு முடிந்தது. பிறந்ததிலிருந்து உங்களை மொத்தம் ஐந்து மாதம் பார்த்திருக்கிறாள். அத்தா வந்தால் எந்தப் பக்கம் படுப்பார் என்று என்னைக் கேட்கிறாள். கம்பெனிக்காரன் காலில் விழுந்தாலும் இந்த முறை இரங்காதீர்கள். ஆகஸ்டுக்கு மேல் ஒரு நாள்கூட எனக்கு வேண்டாம்.

அல்லாஹ் உங்களைப் பாதை பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ரஹமத் பீவி


ஏற்காடு,
9.7.1991

ஆயிஷாவின் அத்தாவுக்கு ஸலாம். உடம்பு எல்லோருக்கும் சுகம். மற்றது எதுவும் சுகமில்லை.

பக்ரீத் முடிந்த எட்டாம் நாள் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை குறைத்தார்கள். உங்களுக்கு அங்கே முதலிலேயே தெரிந்திருக்கும். பஜாரில் எனக்கு ஒரே மரியாதை. நொம்ப லாபம்டி உனக்கு, ரியாலு ஏறிப்போச்சாமே, இனி நீ ராணிதான் போ என்கிறார் காமாட்சியக்கா. நானும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தேன். நம் ரியாலெல்லாம் மே மாதமே ரூபாயாகி பேங்கில் படுத்திருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? ரியால் அஞ்சரை ரூபாய்ச் சொச்சத்துக்கு மாறிய பணம் அது. இப்போது ஏழு ரூபாயை நெருங்குகிறதாமே. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இருபத்தாறாயிரம் கூட வந்திருக்கும். இரண்டு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அதே தொகைதான் வருகிறது.

அதுகூடப் போகட்டும். காளியண்ணன் மாறிவிட்டார்.

நேற்று மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் கடைக்குள் வரவில்லை, வெளியிலேயே நின்றார். சேகர்தான் பேசினான். பெங்களூர் லாட்ஜ்காரர் ஒருவர் இதே கட்டடத்துக்கு ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் தருகிறாராம். ரூபாய் இன்னும் விழும் என்று பயந்து பணக்காரர்களெல்லாம் கையில் இருப்பதைக் கட்டடமாகவும் தோட்டமாகவும் மாற்றுகிறார்களாம். அக்கா, உங்க அட்வான்ஸ் பத்தாயிரத்தைத் திருப்பித் தந்தர்றோமுங்க, தீவாளிக்குள்ள எடம் பாத்துக்கங்க என்றான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. வெளியே போய்ப் பெரியவரிடமே கேட்டேன், வாயில் சொன்னால் சொன்னதுதான் என்றீர்களே என்று. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அம்மிணி, நான் ஜூன் மாசமே எழுதிக்கங்கன்னு வந்து நின்னனுங்களா இல்லீங்களா, அன்னைக்கே குடுத்திருந்தா பேங்க்காரன் வாய அடைச்சிருப்பனுங்க, இப்ப வட்டியவும் ஏத்திப்போட்டான், நூல் வெலை ஏறி தறி பாதி நிக்குது, என் ஊட்டையே ஏலம் போடறம்ங்கறான், நான் என்னங்க பண்ணட்டும் என்றார். அவர் வந்து நின்றார்தான். நான்தான் மாட்டேன் என்றேன்.

உங்கள் அண்ணன் இன்று வந்து, அப்பவே உன் பேர்ல எழுதித் தொலைச்சிருக்கலாம்ல என்கிறார்! எழுந்த கோபத்துக்குக் காப்பி அரைக்கிற மிஷினைப் போட்டுவிட்டேன். அவர் பேசியது எதுவும் அப்புறம் காதில் விழவில்லை.

நாட்டுத் தங்கத்தையே விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்துவிட்டார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது. டீக்கடையில் இதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பேங்கை மூடிவிடுவார்கள் என்று ஒருவர், நோட்டு செல்லாது என்று ஒருவர். எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்கள்கூடச் சம்பளம் வாங்கிய கையோடு அரிசியும் எண்ணெயும் வாங்கி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதனாலேயே அரிசி விலை ஏறுகிறது.

எல்லாம் என் புத்தியால் வந்தது. திட்டுவதானால் நன்றாகத் திட்டி எழுதுங்கள். கோபத்தில் கடிதம் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரஹமத் பீவி


ஏற்காடு,
29.7.1991

ஆயிஷாவின் அத்தாவுக்கு ஸலாம். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். விடு பீவி, பணம்தானே, ஆகஸ்ட் முப்பதுக்கு டிக்கெட் போட்டாயிற்று, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்குப் பச்சை கவுன் வாங்கியதையும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

புது பட்ஜெட்டில் பெட்ரோல், கேஸ், ரேஷன் சர்க்கரை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். உரமும் ஏறிவிட்டது. மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவருகிறவர் லாரி வாடகை கூடிவிட்டது என்று மூட்டைக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கேட்கிறார். கடையில் செலவு போக மாதம் எண்ணூறு நின்றால் பெரிசு.

நீங்கள் கடிதம் போட்ட பிறகு இங்கே ஒன்று நடந்தது. போன புதன்கிழமை காளியண்ணன் தனியாக வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் கண்ண மூட முடியலீங்க அம்மிணி என்றார். லாட்ஜ்காரர் சொன்ன விலையில் அவரால் குறைக்க முடியாதாம். ஆனால் நம்மிடம் இருப்பதை இப்போது வாங்கிக்கொண்டு, மீதியை இரண்டு வருஷத்தில் மாதாமாதம் வாங்கிக்கொள்ளச் சம்மதமாம். வட்டி வேண்டாம் என்றார், நமக்கு வட்டி ஆகாது என்று அவருக்குத் தெரியும். கொடுத்த வார்த்தைக்கு என்னால முடிஞ்சது இதுதானுங்க என்றார்.

பேங்கில் இருப்பதும் அட்வான்ஸும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். மீதி ஐம்பத்து மூவாயிரம். மாதம் இரண்டாயிரத்து இருநூறு கட்ட வேண்டும். இரண்டு மாதம் தவறினால் ஒப்பந்தம் ரத்து, கட்டிய பணம் திரும்ப வரும், கடை வராது. இதற்கு மேல் சேகர் ஒரு நிபந்தனை போட்டான். மச்சான் அங்க இருந்தா ரியாலு வருமுங்க்கா, இங்க வந்துட்டா தவண எங்கிருந்து வரும், அவரு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்ட காயிதத்தைக் காட்டுங்க, அப்பத்தான் எங்கப்பா சொன்னதுக்கு நான் ஒத்துக்குவேன் என்றான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனாலும் அவன் கேட்டதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உங்கள் அண்ணன், கடையை விட்டுத் தொலை, தம்பியை வரச்சொல், சேலத்தில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். நானும் நாலு நாள் அதையேதான் நினைத்தேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் எண்பத்தெட்டில் என்ன ஆனது? இனிமேல் போகமாட்டேன் என்றுதான் வந்தீர்கள். கையில் தொழில் இல்லை. இருந்ததை உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறாம் மாதம் என் வளையலை விற்று விசாவுக்குக் கட்டிவிட்டு ஏறினீர்கள். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இன்னொரு தடவை நடந்தால் நான் தாங்கமாட்டேன். அந்தக் கடை ஒன்றுதான் உங்களை இங்கே பிடித்து வைக்கும். அது போனால் நீங்கள் வந்தும் வராத மாதிரிதான்.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று காலை பதிவு ஆபீசுக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பேரில்தான். ஜமாஅத்தில் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஜூன் மாதம் இதே கையெழுத்தை இதே மேஜையில் போட்டிருந்தால் நீங்கள் வருகிற மாதம் வீட்டில் இருப்பீர்கள். பணத்தைக் கட்டிவிட்டேன். செப்டம்பர் பதினைந்துக்குள் உங்கள் புது ஒப்பந்தத்தின் நகல் சேகர் கைக்கு வர வேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

லீவிலாவது ஒரு மாதம் வந்து போகிறேன் என்று எழுதாதீர்கள். போக வர டிக்கெட்டுக்கு ஆகும் பணம் ஐந்து மாதத் தவணை. நீங்கள் எழுதியிருந்த அந்த வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்காமல் டாக்டரிடம் போங்கள். அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு.

பணத்துக்காகப் புருஷனை வேண்டாம் என்கிறாள் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் சரி, நினைத்துக்கொண்டே கையெழுத்தைப் போடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பெட்டியோடு வந்து வாசலில் நின்றால், திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடை போனால் போகட்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் அங்கே இருக்கும்போதே கேட்டுக்கொள்கிறேன். வராதீர்கள்.

அல்லாஹ் உங்களை என் கண்ணில் காட்டும் நாள் வரைக்கும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ரஹமத் பீவி