ஹெரால்டுக்கு நான் அடித்த கிரீஸ்

ஊரப்பாக்கம்,
ஆவணி, 2004

அன்பு மகன் பரணிக்கு, உன் நைனா வடிவேலு சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் சோறும் தூக்கமுமாக இருக்கிறோம், மஸ்கட் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா முத்தாலம்மாள் தினமும் விளக்கின் முன்னால் நின்று முணுமுணுக்கிறாள். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பாய். எப்போதும் எழுதித் தருகிற உன் பெண்டாட்டி ஜெயப்ரியாவிடம் இந்தக் கடிதத்தைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அதனால் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆன பின்வீட்டு சவுரிமுத்து சார் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசுகிற மாதிரியே எழுதுங்கள் சார் என்றேன், "அப்டியே எழுதினா பையன் படிச்சு முடிக்கறதுக்குள்ள லீவு வந்துடும் வடிவேலு" என்கிறார். அவர் எப்படி எழுதினாலும் நடந்தது மாறாமல் இருந்தால் போதும்.

அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தரம் கரண்டு வைத்து, காலை நீட்டி மடக்கச் சொல்கிறார்கள். கிணறு வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தோம், போன வாரம் பெய்த மழையில் கொஞ்சம் ஊறியிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல வாய் வராததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஜெயப்ரியா காரைப் பள்ளத்தில் இறக்கி முன்சக்கரத்தை ஒடித்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அந்த இடத்தில் பள்ளமே இல்லை. ஒடித்தவன் நான்.

எப்படி என்று கேள். நீ தாம்பரத்து டாக்டர் வீட்டிலிருந்து அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கி வந்தபோது காரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. நீ மஸ்கட் போனபின் ஜெயப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு, நான் முன்சக்கரத்துக்குக் கீழே படுத்து கிரீஸ் கன்னைப் பிடித்திருந்த நேரத்தில், "மாமா, கீழ இருக்கிற அந்தப் பித்தளைக் குப்பிக்குக் கிரீஸ் கூடாதாம். கியர் ஆயில்தான் விடணும்னு போட்டிருக்கு" என்றாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், எல்லாம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் படுத்தபடியே, "பொஸ்தகத்துல இன்னா வேணாலும் எழுதுவான். லாரி செட்டுல நான் அடிச்ச கிரீஸை ஒண்ணா கொட்டினா கொளவாய் ஏரி ரொம்பும்மா" என்றேன். அம்மா சிரித்தாள். ஜெயப்ரியா விடவில்லை. சக்கரம் நிற்கிற இரும்புத் தூணின் அடிப்பக்கம் திருகாணி மாதிரி மரை போட்டு அந்தக் குப்பிக்குள் இறங்கியிருக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே கொஞ்சம் ஏறி இறங்குகிறது, எண்ணெய் என்றால் மரையெல்லாம் ஓடி நனைக்கும், கிரீஸ் வாயிலேயே நின்று காய்ந்துபோகும், அடியில் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும் என்று எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும், "பொம்பள சொல்லி கிரீஸ் அடிக்கிற நெலமைக்கு வடிவேலு வந்துட்டானா" என்று கேட்டுவிட்டு, குப்பியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றிப் போட்டு அங்கே கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளை முறுக்கி, அவள் பார்க்கப் பார்க்க அடித்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மாதா மாதம் இரண்டு பக்கமும் அடித்தேன், அவள் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாக அடித்தேன்.

வண்டி ஒடிந்த அன்றைக்கு ஜெயப்ரியா அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஸ்டேஷன் ரோட்டுக்குத் திரும்பினாள். நடக்கிற வேகம்தான். ஆட்டோ ஸ்டாண்டு எதிரில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது இடது பக்கச் சக்கரம் வெளியே சாய்ந்து படுத்துவிட்டது, காரின் மூக்கு ரோட்டில் இடித்தது. அம்மாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதே. நான் எதிர் டீக்கடையில்தான் இருந்தேன். ஓடிப் போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிற பிரிட்டோ, "இன்னா சிஸ்டர், வண்டி மண்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினு கீது" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "லேடீஸ் கையில ஸ்டேரிங் குட்த்தா அப்டித்தான், வண்டியே கையெடுத்துக் கும்புடும்" என்றான். அவள் அம்மாவைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். நான் சக்கரத்துப் பக்கம் குனிந்தேன். தூண் சரியாக மரை இருக்கிற இடத்தில் முறிந்திருந்தது. உள்ளே செக்கச் செவேலென்று துரு, அதற்கு மேலே நான் அடித்த மஞ்சள் கிரீஸ் பழைய மெழுகு மாதிரி வளையமாக இறுகி நின்றது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. யாரும் குனிவதற்கு முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுத்தமாக வழித்தேன். வழித்துவிட்டு எழுந்து, அத்தனை பேர் நடுவில், "பள்ளத்துல எறக்கிட்டியேம்மா, பாத்து வரக்கூடாதா" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் என் துண்டைப் பார்த்தாள். சவுரிமுத்து சார் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். எழுதுங்கள் சார்.

சாயந்திரம் நீ கூப்பிட்டாய். முதலில் வாய் தவறித்தான் பள்ளம் என்று சொன்னேன், சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். "சாவிய அவ கையில குடுக்காத நைனா, நான் வந்து வித்துத் தொலைக்கிறேன்" என்றாய். போனை அவளிடம் கொடு என்றாய், கொடுத்தேன். நீ என்னவெல்லாம் பேசினாய் என்று தெரியாது, அவள் சரிங்க, சரிங்க என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போய்ச் சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து அது அங்கேயே தொங்குகிறது. அம்மா ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள். உள்ளே இருக்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்க, வெளியே ஜெயப்ரியா இடுப்பைத் தாங்கித் தள்ள, அந்தக் காலை மடக்கி ஏறுவதற்குள் அம்மா போடுகிற சத்தம் எனக்கு டீக்கடை வரை கேட்கிறது. துண்டைத் துவைக்கும்போது அம்மா, "இது இன்னாய்யா கறை, எத்தினி சோப்பு போட்டாலும் போவல" என்று கேட்டாள். கோயில் எண்ணெய் என்றேன். அடுத்த பொய்.

நானே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்து வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய மோட்டார், ஓட்டை பம்பு, கால் ஒடிந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருவன் ஹெரால்டு சாமான் வைத்திருந்தான். ஒடிந்ததைக் கையில் கொண்டுபோகவில்லை, என் கண்ணே போதும் என்ற திமிர் அப்போதும் போகவில்லை. அதே மாதிரி குப்பி கிடைத்தது, சண்டையில் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். வாசலில் மெக்கானிக் தேவானந்தம் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தான், எங்கேயோ சொல்லிவைத்து இடது பக்கத்துக்குப் புதுத் தூண் வரவழைத்திருந்தான். ஜெயப்ரியா குப்பியை வாங்கி அந்தத் தூணில் வைத்துத் திருகிப் பார்த்தாள், ஏறவே இல்லை. தேவானந்தம், "பெரிசு, இது சோத்தாங்கை பக்கத்து மரை, ஒடிஞ்சது பீச்சாங்கை பக்கம். ரெண்டுக்கும் மரை எதிரெதிரா கீது, தெரியாதா" என்று சிரித்தான். அவள்தான், "பரவால்ல மாமா, வைங்க. வலது பக்கமும் மாத்தத்தானே போறோம். அதுலயும் நீங்க கிரீஸ்தானே அடிச்சீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை பரணி. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்து ஏதாவது கத்தியிருப்பேன். தேவானந்தம் போனபின் கேட்டேன், தெரிந்தும் ஏன் போனில் உன்னிடம் சொல்லவில்லை என்று. "என்னைத் திட்டினா அவரு நாளைக்கு மறந்துடுவாரு மாமா. உங்களைத் திட்டிட்டாருன்னா அதை அவரே மறக்க மாட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். நாலு பேர் முன்னால் பழி போட்டவன் நாலு பேர் முன்னால்தானே எடுக்க வேண்டும். தப்பு என்னுடையது, எண்ணெய் விட வேண்டிய இடத்தில் கிரீஸ் அடித்து நான்தான் கெடுத்தேன், அவள் மேல் குற்றமே இல்லை என்று சொன்னேன். பிரிட்டோ எழுந்து என் தோளில் கை போட்டு, "இன்னா மனசு தாத்தா உனக்கு! மருமவள காப்பாத்த பழிய நீ ஏத்துக்கினியே. இந்த மாதிரி மாமனார் யாருக்குக் கெடைக்கும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஐயா சத்தியமா நான்தான் என்றால் இன்னும் அதிகமாகப் புகழ்கிறார்கள். அந்த டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. காட்டலாம் என்றால் அத்தாட்சியை என் துண்டாலேயே துடைத்துவிட்டேனே. அப்போதுதான் வலது பக்கம் இன்னும் பிரிக்காமல் இருப்பது ஞாபகம் வந்தது. பிரிட்டோவின் கையைப் பிடித்து, வா வந்து பார் என்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். தேவானந்தம் அவன் கண் எதிரில் குப்பியைத் தூணிலிருந்து கழற்றினான். வாயில் மஞ்சள் கட்டி, அதற்குக் கீழே துருத் தண்ணீர், மரை பாதி தின்றுபோய் இருந்தது. பிரிட்டோ உற்றுப் பார்த்து, "நெசமாவே நீதானா" என்றான். தாத்தா என்று சொல்லவில்லை. ஜெயப்ரியாவிடம் திரும்பி, "சிஸ்டர், அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே போனான். இப்போது ஸ்டாண்டுப் பக்கம் போனால் யாரும் என்னோடு பேசுவதில்லை. அதுதான் சரி, டீயை விட அது எனக்குத் தொண்டையில் இறங்குகிறது.

இரண்டு பக்கமும் இப்போது புதிது போட்டாகிவிட்டது. அவள் புத்தகத்தை விரித்து வாசித்தாள், குப்பியைத் தூணில் முழுக்க ஏற்றி ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டுமாம், தேவானந்தம் அப்படியே செய்தான். எண்ணெய் மேலே கசிந்து வருகிற வரை நானே விட்டேன். போதுமா என்று அவளைக் கேட்டுத்தான் நிறுத்தினேன். ஸ்டியரிங் பூப்போலத் திரும்புகிறது என்று தேவானந்தம் ஓட்டிப் பார்த்துச் சொன்னான். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "அவரு வேணாம்னுட்டாரு மாமா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் போட்ட முடிச்சு இது, ஆனால் இப்போது அது உன் கையில் இருக்கிறது. எழுத்து தெரியாததற்காக நான் ஒரு நாளும் தலை குனிந்ததில்லை பரணி, அது என் அப்பன் செய்தது. படித்துச் சொல்ல ஒருத்தி வீட்டில் இருந்தும் காதை மூடிக்கொண்டேனே, அது நான் செய்தது. நீ என்னைத் திட்டு. திட்டியதை மறந்துவிடு, அவள் பயந்த மாதிரி மனதில் வைத்துக்கொண்டு கிடக்காதே. அடுத்த தரம் போன் பண்ணும்போது முதலில் அவளைக் கூப்பிடு, நான் எடுத்தாலும் என்னோடு பேசாதே. காரை விற்கிற பேச்சை எடுக்காதே. ராத்திரி வேலை என்றால் மோரைக் கரைத்துக் குடி, வெறும் வயிற்றில் சிகரெட் வேண்டாம்.

மேல் விலாசத்தை சார் தானே இங்கிலீஷில் எழுதிவிடுகிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்போதும் போல ஜெயப்ரியாதான் எழுதட்டும். கவரை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு ஒட்டினாலும் சரி, படிக்காமலே ஒட்டினாலும் சரி, அது அவள் இஷ்டம். உனக்கு மாரியாத்தா ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். நீ வருகிற நாளில் மீனம்பாக்கத்துக்கு உன்னை அழைக்க அந்த வண்டி வர வேண்டும், அதை அவள் ஓட்டி வர வேண்டும், நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு உன் நைனா
வடிவேலு (இடது கைப் பெருவிரல் ரேகை)

நான் எழுதுவது: ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். நேற்று அத்தையை ஆஸ்பத்திரிக்குக் காரில்தான் கூட்டிப்போய் வந்தேன், உங்களிடம் கேட்கவில்லை. இடது பக்கக் குப்பியில் ரப்பர் சீல் லேசாகக் கசிகிறது, அங்கே கிடைத்தால் நாலு வாங்கி வாருங்கள். ஜெயப்ரியா.