பள்ளக் காணிக் கிழங்கு

1981 நவம்பர் 12, வியாழன்
சுஹறாவுக்கு டீச்சர் வேலை கிடைத்திட்டு. றவூப் கணக்குப் பரீட்சையில் 'டி', அதிவிசேட சித்தி எடுத்தான். மூத்தவன் மசூர் மலைநாட்டில், வெலிமடையில் காணி எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருக்கிறான். கல்முனையில் வேற எந்த வீட்டுப் பொடியன் கிழங்கு போட்டான்? மூணும் என் மகள் பெத்ததுகள்.

மசூர்ட போட்டோ இண்டைக்கு வந்தது. பள்ளக் காணி, பக்கத்தில் ஓடை, மேலே பனிமூட்டம். தண்ணிக்கு அலையத் தேவையில்லை. வயல்காரப் புள்ள, இடம் பார்த்துத்தான் எடுத்திருக்கான்.

பின்னால் கொடியில் ஒரு பூப்போட்ட சேலை காயுது. அது ஆருட சேலை?

டிசம்பர் 20
மழையிலும் பனியிலும் தோட்டம் முழுக்கக் கருகிட்டாம். தன்ர தை மாதக் கலியாணத்தைத் தள்ளி வைக்கட்டாம். மசூர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கான்.

மழையும் பனியும் விழுந்து பயிர் கருகுமா? எங்கட வயல் மழை இல்லாமல்தான் கருகும். போன கிழமை பச்சைப் பசேலென்று நின்றதாம் — இந்தக் கிழமை ஒண்டுமில்லையாம். ஆருக்குக் கதை விடுறான்?

டிசம்பர் 21
சேலைக்குள்தான் என்னமோ கிடக்கு.

டிசம்பர் 24
பொண்ணு நதீராட உம்மா ஆசியா வந்தா. இருக்கவுமில்லை.

"ராத்தா, நான் மகளுக்குச் சீதன வீடு கட்டி வச்சது ஆருக்கு? உங்கட பேரன் மலையில வேற குடும்பம் வச்சிரிக்கானாம். சந்தையெல்லாம் கதை."

"என்ர புள்ளயப் பத்தி என்ர வாசல்ல நிண்டு கதைக்காத" என்று எழும்பிட்டேன். அவ போன பிறகு போட்டோவை எடுத்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன்.

1982 ஜனவரி 3
மசூர் வந்தான். மெலிஞ்சிட்டான். கையில் அரைச் சாக்குக் கிழங்கு. தோல் மினுங்குது!

"கருகினதெண்டா இது என்னடா மகன்?"

"இலைதான் உம்மம்மா முதல்ல கருகின. அந்தப் பள்ளத்தில மத்தியானம் வரைக்கும் பனி. இலை காயவே இல்ல. ஓரத்தில கறுப்புப் புள்ளி, அடியில வெள்ளைப் பூஞ்சணம், பிறகு தண்டும் அழுகிட்டு. மேட்டுக் காணிக்காரனுக்குக் காத்தும் வெயிலும் பட்டு அரைவாசி தப்பிட்டு. நான் வயலுக்குப் பார்க்கிற மாதிரி இடம் பார்த்திட்டன்."

"அந்தச் சேலை?"

"காணிக்காரர்ர பொஞ்சாதிர. எழுவது வயசு மனிசி!" சிரிக்கிறான். சிரிச்சால் நம்பணுமா?

நல்ல கிழங்காய்ப் பொறுக்கி, தட்டில் துணி மூடி ஆசியா வீட்டுக்கு அனுப்பினேன். என் பேரன்ட விளைச்சலை அவவும் பார்க்கட்டும். "அனுப்பாதீங்க, பழுதாகும்" என்று மறிச்சான். ஏன் மறிக்கிறான்? அதிலும் என்னமோ இருக்கு.

ஜனவரி 12
கலியாணப் பொண்ணு நதீரா, கடப்படி வாசலால் தனியே வந்து நிக்கிறாள்! கையில் அதே தட்டு.

"உம்மம்மா, நீங்க அனுப்பின பண்டம் வீடெல்லாம் நாறுது."

ஒரு கிழங்கைப் பிளந்து காட்டினாள். வெளியில் நல்ல தோல், உள்ளே இரும்புத் துரு நிறம். "பொய் சொல்ற ஆள் கிழங்குக்குள்ள போய் இப்பிடிச் செய்யேலுமா? உம்மாக்கும் காட்டிட்டன். இப்ப நீங்க பாருங்க."

அவள் போனதும் எங்கட சாக்கைக் கொட்டி வெட்டினேன். எல்லாம் அதே துரு. புள்ள சொன்னது உண்மைதான். அல்லாஹ், எங்கட புழுக்கத்தில் ஒரு கிழமையும் தாங்கவில்லையே.

நவம்பர் 28
பங்குனியில் கலியாணம் முடிந்தது. இந்தப் போகம் மேட்டுக் காணி. காத்து நுழைய இடைவெளி விட்டு நட்டிருக்கானாம். நதீராவும் கூடப் போயிட்டாள். கட்டின வீடு பூட்டிக் கிடக்கு என்று ஆசியா புறுபுறுக்கிறா.

இண்டைக்கு மசூருக்கு எழுதினேன். மகன், மேட்டில் நிண்டு புதுப் போட்டோ ஒண்டு எடுத்துத் தபாலில் போடு. இலையெல்லாம் தெரியணும். கொடியும் தெரியணும். அதில நதீராட சேலை காயணும்.