தூக்கத்தில் ஒரு சிரிப்பு

விடியற்காலையில் தமிழரசு தூக்கத்தில் சிரித்தான். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த ராணி அப்படியே நின்றுவிட்டாள். மகளென்று அவள் வளர்த்த பிள்ளை, தான் மகன்தான் என்று சொல்லி, ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தூங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை.

நேற்றுச் சாயங்காலம்கூடச் சண்டை. இன்று வரும்போது வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் வர்ல. ஊசி போட்டுகினா எல்லாம் சரியாப் பூடுமா?"

"தூக்கம் வருதும்மா. அது போதாதா?"

ஜன்னலுக்கு வெளியே கரையான்சாவடி பனியில் மிதந்தது. அவளைத் திருமழிசைக்கு ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. கனத்துப்போன புதுக் குரலில் அந்தச் சிரிப்பு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மறுபடி மெதுவாக எழுந்தது. ராணி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. சாம்பார சுட வச்சுக்கோ. போவும்போது சாவிய கீழ் ஊட்டு லாவண்யா கைல குடு, சிலிண்டர் வருது.

இன்னா கனவு? சிரிச்சுகினே இருந்த. எழுப்ப மனசு வர்ல.

அரை நாள் லீவு சொல்லிட்டு ரெண்டு மணிக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். 'டி' சொல்லவும் மனமில்லாமல், 'டா' சொல்லவும் வாய் வராமல் நான்கு மாதமாகப் பேசி வந்தவள், தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நான் வர்றதுக்குள்ள டாக்டர் ரூமுக்குள்ள தனியா பூடாதடா."