படத்தில் இல்லாத காட்சி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ போனையே எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். உன் படத்தை 'அசட்டுக் கூத்து' என்று எழுதி உன்னை ஊரைவிட்டே ஓடவைத்த அந்த விமர்சகன், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நீ போன பிறகுதான் அவன் எழுதியதை நிதானமாகப் படித்தேன். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே பீரோவுக்குள் ஒளிந்துகொள்ளும் காட்சியைத்தான் அரைப் பக்கத்துக்குக் கிழித்திருந்தான். அது ட்ரெய்லரில் மட்டும்தானே இருக்கிறது! படத்திலிருந்து அதை வெட்டியவளே நான். எடிட்டிங் அறையில் நீ என்னோடு மல்லுக்கு நின்றாயே, மறந்திருக்காது. ஆக, அந்தத் துரை படத்தையே பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரியில் நேர்மையான விமர்சனம் பற்றிப் பேச வந்திருந்தான். நானும் போனேன். கேள்வி நேரத்தில் எழுந்து, "அந்தப் படத்துல உங்களுக்குச் சுத்தமா பிடிக்காதது எது சார்?" என்று கேட்டேன். பீரோ காட்சியை நடித்தே காட்டினான். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடங்கட்டும் என்று காத்திருந்து, "அது படத்துலயே இல்லீங்க. நான்தான் வெட்டினேன்" என்றேன். அப்போது எழுந்தது பார், ஒரு சிரிப்பு! கையிலிருந்த மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

நேற்று வீட்டுக்கே வந்துவிட்டான். பத்திரிகையில் இனி எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சினான். அத்தான் பாவப்பட்டுக் காபி போடப் போனார், தடுத்துவிட்டேன். படத்தைப் போட்டு, என் கண் முன்னாலேயே முழுவதும் பார்க்கவைத்தேன். போலி டாக்டர் தன் மாமனாருக்கே ஊசி போடும் இடத்தில் கண்ணில் நீர் வழியச் சிரித்தான். எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. பார்த்திருந்தால் அன்றே சிரித்திருப்பானே! வாசலைக் காட்டினேன். துளியும் வருத்தமில்லை.

நீ இனிப் படம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, தம்பி. நீ நன்றாக இருக்கவேண்டும். நான் செய்தது பிடிக்காவிட்டால், "ஏன்க்கா இப்படிப் பண்ணினே?" என்று போன் போட்டுத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இன்றைக்கே திட்டு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா